பெயரைக் கிழித்துவிட்டு வாசியுங்கள்: வயலின் கச்சேரிப் பாராட்டு பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் சில பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கோவில் திருவிழாக்களில் நடக்கும் கச்சேரிகளைப் பற்றி எழுதவும் செய்கிறேன். உபயகாரர் (திருவிழாச் செலவை ஏற்பவர்), அறிவிப்பாளர், பெற்றோர், மாணவர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. படலையில் நின்றபடி பதில் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போவதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

கச்சேரி பற்றி எழுதுகிறேன் என்கிறீர்கள். எந்தக் கச்சேரி?

நியாயமான கேள்வி. நமது ஊரில் "கச்சேரிக்குப் போகிறேன்" என்று ஒருவர் புறப்பட்டால் அவர் கையில் காணி உறுதியும் அடையாள அட்டையும் இருக்கும். மாவட்டச் செயலகத்தை நாங்கள் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்கிறோம். நான் எழுதுவது மற்றக் கச்சேரியைப் பற்றி. அங்கேயும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காத்திருந்தால் ஒரு காம்போதி இராகமாவது கிடைக்கும்.

"மிக நன்றாக வாசித்தார்" என்று எழுதினால் போதாதா?

சில வருடங்களுக்கு முன், வவுனியாவிலிருந்து வரும் வழியில், முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றது. அங்கே நிற்காமல் ஏ-9 வீதியில் தாண்டிப் போகிற சாரதியை நான் கண்டதில்லை. இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஒரு சரை (தாளில் சுற்றிய பொட்டலம்) கச்சான், அதாவது வேர்க்கடலை, வாங்கினேன். கச்சான் முடிந்ததும் சரையைப் பிரித்தேன். பழைய பத்திரிகைத் தாள். அதில் ஒரு வயலின் கச்சேரி விமர்சனம். கலைஞரின் பெயர் இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. மிச்சத்தில் இருந்தது இவ்வளவுதான்: வித்துவானின் விரல்கள் தந்திகளில் நர்த்தனமாடின, ரசிகர்கள் இசைமழையில் நனைந்தனர், பக்கவாத்தியக் கலைஞர்கள் அணிசேர்த்தனர், மண்டபம் கரவொலியால் அதிர்ந்தது.

பஸ் கிளிநொச்சிக்கு வந்து சேர்வதற்குள் எனக்குத் தெரிந்த அத்தனை வயலின் வித்துவான்களையும் அந்தக் கிழிந்த மூலையில் ஒட்டிப் பார்த்தேன். எல்லோரும் பொருந்தினார்கள். வயலினை எடுத்துவிட்டு வீணையை வைத்தாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒருவர் எத்தனையோ வருடம் உழைத்துக் கற்ற வித்தையை எழுதியவர் இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறார். கேட்டதற்கான அடையாளம் அந்தத் தாளில் ஓர் இடத்திலும் இல்லை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் பரிசோதனை ஒன்றுதான். பெயரைக் கிழித்துவிட்டு வாசித்துப் பார்ப்பேன். யார், எந்த இரவு, எந்த இராகம் என்பதில் ஏதாவது ஒன்று இன்னும் தெரிந்தால் அது பாராட்டு. தெரியாவிட்டால் கச்சான் கட்டத்தான் உதவும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தப் பரிசோதனையிலிருந்து பிறந்தவை.

"வயலின் பாடியது" என்கிறார்களே. அதுவும் வெறும் அலங்காரமா?

இல்லை. பாராட்டுச் சொற்களுக்குள்ளே மிகத் துல்லியமான சொல் அதுதான், சரியான ஆளுக்குச் சொன்னால்.

வயலின் வித்துவான் லால்குடி ஜெயராமனை (1930–2013) எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாசிப்பைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இதையே சொன்னார்கள்: சாகித்தியம் (பாட்டின் வரிகள்) தெரிந்தவருக்கு வில்லிலிருந்து சொற்கள் கேட்டன. இது எப்படி நடக்கிறது என்பதை என் மாணவர்களுக்கு "முருகா" என்ற ஒரு சொல்லை வைத்துக் காட்டுவேன். "மு"வில் வில் தொடங்க வேண்டும். "ரு"வில் மெல்ல அழுத்தம் மாற வேண்டும். "கா" நெடில்; அந்த நீட்டம் முழுவதும் ஒரே வில்லில் நிற்க வேண்டும். "கா"வின் நடுவிலே வில் முடிந்து திரும்பினால் அந்த இடத்தில் சொல் உடைந்துவிடும். கேட்பவருக்கு ஏன் என்று தெரியாது. ஆனால் பாட்டு நின்று வாத்தியம் தொடங்கிவிட்டது என்பது தெரியும். பாடகருக்கு மூச்சு எப்படியோ, வயலின்காரருக்கு வில்லின் நீளம் அப்படி. எந்த எழுத்தில் மூச்சு விடலாம் என்று அறிந்து வில்லைத் திருப்புகிறவர்தான் பாடும் பாணியில் வாசிப்பவர்.

ஆகவே அடுத்த முறை யாராவது "வயலின் பாடியது" என்று எழுதினால் அவரிடம் கேளுங்கள்: எந்தப் பாட்டில், எந்தச் சொல்லை? பதில் வந்தால் அவர் கேட்டிருக்கிறார்.

லால்குடியாருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் இயற்றிய வர்ணங்களும் தில்லானாக்களும் இன்று பரத மேடையிலும் பாட்டுக் கச்சேரியிலும் சாதாரணமாகப் புழங்குகின்றன. 1966இல் புல்லாங்குழல் என். ரமணியையும் வீணை ஆர். வெங்கட்ராமனையும் சேர்த்து வயலின், வேணு, வீணை என்ற மூவர் கச்சேரியைத் தொடங்கினார். இத்தனைக்குப் பிறகும் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைக்கவில்லை. விருதுப் பட்டியலைப் பார்த்துப் பாராட்டு எழுதுகிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

நாதம், சுநாதம், தொனி எல்லாம் ஒன்றா?

எழுதுகிறவர்கள் ஒன்றாகத்தான் பாவிக்கிறார்கள். நான் பிரித்து வைத்திருக்கிறேன். தொனி என்பது வாத்தியத்துக்குச் சொந்தம்: மரம், தந்தி, தந்தியைத் தாங்கும் குதிரை, வில்லின் மயிர். நாதம் வாசிப்பவருக்குச் சொந்தம். ஒரே வயலினை இரண்டு பேரிடம் கொடுத்து வெறும் சட்ஜத்தை ("ச" என்ற ஸ்வரத்தை) மட்டும் இழுக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் விளங்கும்.

துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964) நாதத்துக்காகப் புகழப்பட்டவர். நீண்ட வில், அவசரமில்லாத இழுப்பு. கண்பார்வை மிகக் குறைந்தவர். அதையும் இதையும் முடிச்சுப் போட்டு "பார்வை இல்லாததால் செவி கூர்மையானது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பார்வை குறைந்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள், துவாரம் ஒருவர்தான். காரணம் வில்லில் இருக்கிறது.

டி.என். கிருஷ்ணன் (1928–2020) திருப்பூணித்துறையில் பிறந்தவர். தந்தை நாராயண ஐயரிடம் கற்று, பிறகு பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர். அவரைப் பற்றிய பாராட்டில் "சுகம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அந்தச் சொல்லோடு நெடுநாள் சண்டை இருந்தது, ஏனென்றால் சுகம் என்பது கேட்பவரின் உடல்நிலையைச் சொல்கிறதே தவிர வாசிப்பைச் சொல்வதில்லை. ஒரு நாள் அவருடைய பதிவொன்றில் அடாணா இராகத்தை ஐந்தாறு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். எந்த ஸ்வரத்திலும் விரல் தேடி அலையவில்லை. வயலினில் வீணையைப் போல மெட்டுகள் இல்லை; விரல் விழுகிற இடம்தான் சுருதி. ஒரு நூலிழை தவறினாலும் நம் உடம்பு அதைத் திருத்திக் கேட்க முயல்கிறது, அதனாலேயே களைக்கிறோம். அவரிடம் அந்த வேலை நமக்கு இல்லை. சுகம் என்றால் இதுதான் என்று அன்று விளங்கியது. ஆனாலும் "சுகமாக இருந்தது" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்.

விரல் வேகத்தைப் புகழலாமா?

புகழலாம், கடைசியாக. எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் (1931–2013) பரூர் சுந்தரம் ஐயரின் மகன். கர்நாடக இசையோடு இந்துஸ்தானியையும் முறையாகக் கற்றவர். ஒரே தந்தியில் ஒரே விரலை ஓடவிட்டு இராகத்தின் மேலும் கீழும் போய்வருவதை அவர் செய்து காட்டினால் கேட்டுக்கொண்டிருந்த வித்துவான்களே நிமிர்ந்து உட்காருவார்களாம். அதில் வேகம் இருந்தது. அந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் இருந்தது என்பதுதான் சேதி. வேகத்தை மட்டும் புகழ வேண்டுமென்றால் ஏ-9 வீதியில் தனியார் பஸ்கள் ஓடுகின்றன.

மேல்நாட்டு வாத்தியத்தை நமது அளவுகோலால் அளப்பது சரியா?

சரிதான். இருநூறு வருடமாகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனைக்குக் கொண்டுபோனார். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். பிறகு நாம் அதைத் தரையில் உட்காரவைத்தோம். வயலினின் தலையை வலது கால் மேல் சாய்த்து, நாலு தந்திகளையும் ச-ப-ச-ப என்று கட்டினோம். தோளில் வைத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயம் போனதும் இடது கை விடுதலையானது. ஸ்வரத்தை அசைக்கிற கமகம் அந்த விடுதலையில்தான் இருக்கிறது.

பாட்டுக் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பவரை எப்படிப் பாராட்டுவது? "பக்கபலமாக இருந்தார்" என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

வன்னியில் நாம் வயலினைக் காண்பது பெரும்பாலும் பாட்டுக்காரரின் இடப்பக்கத்தில்தான். தனி வயலின் கச்சேரி வைக்கிற உபயகாரர் அபூர்வம். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நமக்கு இதில் மிகப் பழைய விமர்சன மரபு ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி மேடையேறுவதற்கு முன்பு ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி இருக்க வேண்டும் என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். தண்ணுமைக்காரனுக்குச் சொல்லும் இடத்தில் "ஆக்கலும் அடக்கலும் மீத்திறம் படாமை" என்று வரும். மற்றவர்களின் இசையில் குறைகிற இடத்தை நிரப்ப வேண்டும், மிகுகிற இடத்தில் அடங்க வேண்டும், இரண்டிலும் அளவு மீறக்கூடாது. முழவுக்குச் சொன்னது, ஆனால் பக்கவாத்திய வயலினுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் எங்கும் வாசிக்கவில்லை. வட்டாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கி வருகிற ஊர்க்காரர்கள் நாங்கள். கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்கள். மாதவியின் அரங்கேற்றத்திலிருந்து அளவுகோல் எடுப்பது நமக்கு அந்நியமாக இருக்கக்கூடாது.

இனி நடைமுறைக்கு வருவோம். பாடகர் ஆலாபனை செய்யும்போது, அதாவது தாளமில்லாமல் இராகத்தை விரிக்கும்போது, வயலின் ஒரு நிழல் தூரத்தில் வர வேண்டும். முந்தினால் பாடகரின் கற்பனையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மிகவும் பிந்தினால் எதிரொலி. பாடகருக்குத் தொண்டை கட்டி மேல் சட்ஜம் எட்டாத இரவுகள் உண்டு. அப்போது வயலின்காரர் அந்த மேல் சட்ஜத்தை மெல்லப் பிடித்து நிறுத்திவைப்பார். சபையில் முக்கால்வாசிப் பேர் பாடகரே எட்டிவிட்டதாக நினைப்பார்கள். பிறகு வயலினுக்கென்று ஆலாபனை முறை வரும்போது, பாடகர் இருபது நிமிடம் கட்டிய அதே இராகத்தை ஏழெட்டு நிமிடத்தில், அவர் சொல்லாத ஒன்றையாவது சொல்லி, அவர் சொன்னதை மறுக்காமல் முடிக்க வேண்டும். பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்கு வாசித்த கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை, பாப்பா வெங்கடராமையா போன்றவர்கள் அந்தக் காலத்தில் மதிக்கப்பட்டது இந்தக் கட்டுப்பாட்டுக்காகத்தான். மைசூர் சௌடையா வேறு வகை. ஒலிபெருக்கி சரியில்லாத காலத்தில் பின்வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று சில தந்திகளை இரட்டித்து ஏழு தந்தி வயலின் வைத்து வாசித்தார். செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்தில் உட்காருவதென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் போலும்.

"பக்கபலம்" என்று எழுதாமல், எந்த இடத்தில் ஆக்கினார், எந்த இடத்தில் அடக்கினார் என்று இரண்டு இடங்களைச் சொல்லுங்கள். போதும்.

கரவொலி அதிகமென்றால் கச்சேரி நல்லதென்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வரங்களைக் கோக்கும் ஸ்வரப் பிரஸ்தாரம் வேகமெடுத்து, தீர்மானம் என்ற முடிப்பில் போய் விழுந்தால் யார் வாசித்தாலும் கை தட்டுவார்கள். ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் கார்வைக்கு யாரும் தட்டுவதில்லை.

நம் சபையைப் பற்றி ஒன்றைப் பெருமையாகவே சொல்வேன். பிற இடங்களில் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேநீர் குடிக்க எழுந்து போவார்கள் என்று கேள்விப்படுகிறோம். இங்கே தவில் கேட்டு வளர்ந்தவர்கள், அளவெட்டி தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொன்னாலே குரல் மாறுகிறவர்கள், தனி தொடங்கியதும் பாயை இழுத்துக்கொண்டு முன்னால் வருகிறார்கள். நாதசுரக்காரர் தோடி இராகத்தைப் பிடித்து ஒரு மணி நேரம் வீதியை வலம்வரக் கேட்ட காதுகள் அவை. வயலின்காரர் அந்தக் காதுகளுக்கு முன்னால் ஆலாபனையை நாலு நிமிடத்தில் முடித்தால் "சாமி இன்னும் இருப்புக்கு வரவில்லையே" என்று, வீதி வலம் முடிந்து சாமி இருக்கைக்கு வருமுன்பே முடித்துவிட்டது போல, பின்னாலிருந்து குரல் வரும். கரவொலியை விட்டுவிட்டு அந்தக் குரலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி மோசமாக இருந்தால் என்ன எழுதுவது?

அதையே எழுதுங்கள். திறந்த மண்டபத்தில், நாலு பக்கமும் கூம்புகள் கட்டி, வயலினின் குதிரைக்குப் பக்கத்தில் பிக்கப் ஒட்டி வாசிக்கும்போது நீங்கள் கேட்பது பாதி வயலின், பாதி பெட்டிக்காரரின் விரல். "கணீரென்ற நாதம்" என்று அந்த இரவைப் புகழ்ந்தால் ஒலிபெருக்கிக்காரரைத்தான் புகழ்கிறீர்கள். அவருக்கும் பாராட்டுத் தேவைதான், ஆனால் தனியாக.

ஜெனரேற்றர் ஓடுகிற இடங்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் ஒலிபெருக்கியில் ஏறினால் ஏறக்குறைய ஐந்து கட்டைச் சுருதியில் விழும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). பாடகி ஐந்து கட்டையில் பாடினால் ஜெனரேற்றரே தம்புரா போட்டுவிடும். வேறு கட்டை என்றால் இரவு முழுவதும் வயலின்காரர் ஓர் இயந்திரத்தோடு சுருதிச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்.

காலநிலையும் உண்டு. சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில்தான் நமது திருவிழாக்களில் பல வருகின்றன. காய்ந்த காற்றில், தந்தியை முறுக்கும் பிருடை நழுவும். பகல் வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த வயலினில் ஒட்டு விடும். இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் சுருதி சேர்க்க நேரம் எடுத்தால் அது வித்துவானின் குறையல்ல. சேர்க்காமல் தொடர்ந்தால்தான் குறை.

பெரிய வித்துவான்களைக் குறை சொல்லலாமா? நாம் யார்?

டிக்கெட் வாங்கியோ வாங்காமலோ கேட்டவர்கள். அது போதும்.

தமிழில் இதற்கு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். கல்கி ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் சங்கீதமும் நாட்டியமும் பற்றி எழுதினார். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் கேட்டு நடந்த தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றார். சங்கீத விமர்சகர் சுப்புடு (1917–2007) இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்தவர். அவருடைய பேனாவுக்குப் பயப்படாத கலைஞர் குறைவு. சுப்புடுவின் கத்தி எல்லோருக்கும் வாய்க்காது, வாய்க்கவும் வேண்டாம். கல்கியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது சிரித்துக்கொண்டே சொல்கிற வித்தை.

ஆனால் குறை சொல்வதற்கு முன் உங்கள் காதைச் சரிபாருங்கள். ஒரு முறை நான் ஒருவருடைய கீரவாணி இராகத்தை அரைப் பக்கம் புகழ்ந்து எழுதி, கோவில் மலரில் அது அச்சாகியும் வந்துவிட்டது. தேர் அன்று, முதிய நாதசுரக் கலைஞர் ஒருவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "தம்பி, நல்லாய் எழுதியிருக்கிறீர். அது சிம்மேந்திரமத்திமம்" என்றார். இரண்டு இராகத்துக்கும் மத்திமம் ஒன்றுதான் வித்தியாசம். கீரவாணிக்குச் சுத்த மத்திமம், மற்றதற்குப் பிரதி மத்திமம். அரைப் பக்கம் எழுதிய நான் அந்த ஒரு ஸ்வரத்தைக் கேட்கவில்லை. வாசித்தவர் பெருந்தன்மையாளர், இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் பேசாததுதான் இன்றும் உறுத்துகிறது.

வயலின் என்றால் யாழ்ப்பாணம். வன்னிக்கு இதில் என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்தின் பங்கை மறுக்க முடியாது. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா அங்கே வந்து இசை கற்பித்தார். அவருடைய பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் வயலின் பிடித்து உலகம் சுற்றினார்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. சுப்பிரமணியத்தின் மேடைகளைப் பற்றி எழுதிய வெளிநாட்டு விமர்சகர்களுக்கு யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமோ என்னவோ. நாங்கள் மட்டும் "நம்ம ஊரில் வளர்ந்த பிள்ளை" என்று சொல்லிக்கொள்கிறோம். மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று நாம் அறிந்த இசைக் கல்விக்கூடம் இருக்கிறது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் இருக்கின்றன.

வன்னிக்கு வந்த வழி வேறு. போரால் வந்த 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்துச் சனம் கடல்நீரேரி தாண்டி வந்தபோது சங்கீத ஆசிரியர்களும் வந்தார்கள். என் முதல் ஆசிரியை அப்படி வந்தவர். அவருடைய வயலின் பெட்டிக்குள் வயலினோடு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஒரு பிடி திருநீறு எல்லாம் இருந்தன. கிடுகுக் கொட்டிலில் வகுப்பு நடந்தது. தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி கிடையாது. மூன்று தந்தியில் வாசிக்கப் பழகினோம். பின்னாளில் அதையும் ஒருவர் "புதுமையான பாணி" என்று பாராட்டினார். தந்தி இல்லாததால் வந்த பாணி என்று ரீச்சர் அவரிடம் சொல்லவில்லை.

என் பிள்ளை முதல் மேடை ஏறுகிறாள். நாலு நல்ல வரி எழுதித் தருவீர்களா, மாஸ்ரர்?

தருவேன், கேட்ட பிறகு. கச்சேரிக்கு முன்பே எழுதி வாங்கிப்போய் அச்சுக்குக் கொடுக்கிற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் "பேரொளி", "இசைச் சுடர்" என்றெல்லாம் எழுதினால் அடுத்த நாள் அவள் சாதகம் செய்ய உட்கார மாட்டாள். மாறாக, "வர்ணத்தின் இரண்டாம் காலத்தில் (இரட்டிப்பு வேகத்தில்) தாளம் ஓடவில்லை" என்று எழுதுங்கள். அதற்காக அவள் மூன்று மாதம் உழைத்திருப்பாள். யாரோ ஒருவர் அதைக் கேட்டார் என்று அறிந்தால் இன்னும் மூன்று மாதம் உழைப்பாள். சங்கீத சபைப் பரீட்சையில் "ஆசிரியர் தரம்" சித்தியடைந்ததையும் பரீட்சைப் புள்ளியையும் விமர்சனத்தில் சேர்க்க வேண்டாம். அவை சுவரில் தொங்கினால் போதும்.

"வாசிப்பில் பக்தி ததும்பியது" என்று எழுதலாமா?

கோவிலில் வாசித்தால் எழுதத்தான் செய்வார்கள். எனக்கு அது கேட்பதில்லை. காலப்பிரமாணம், அதாவது வேகத்தின் சீர், கேட்கிறது.

கச்சேரிக்குப் போக முடியாதவர், விமர்சனத்தை வாசித்து மட்டும் எதையாவது பெற முடியுமா?

எங்கள் தலைமுறைக்கு அதுதான் வாய்த்தது. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்டோம். செய்தி நேரத்துக்கு ஊரே கூடும். சங்கீதத்துக்கு நானும் ரீச்சரும் ரீச்சரின் மகனும். கசெற்றில் லால்குடியார் மோகன இராகம் வாசித்துக்கொண்டிருப்பார். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் மோகனத்தின் சுருதியும் மெல்ல இறங்கும். "டேய், அரைக் கட்டை இறங்கிவிட்டது, சுற்று" என்று ரீச்சர் அதட்டுவார். சுருதி ஞானம் எனக்கு அப்படித்தான் வந்தது.

அவரிடம் சென்னை இதழ் ஒன்றிலிருந்து வெட்டிய விமர்சனம் இருந்தது. மடித்து மடித்து நாலாகக் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டிய தாள். அதை எழுதியவர், வித்துவான் பைரவி இராகத்தில் மேல் சட்ஜத்துக்குப் போகும் வழியில் நிஷாதத்தில் ("நி") எவ்வளவு நேரம் நின்றார், எல்லோரும் இனிப் போவார் என்று எதிர்பார்த்தபோது எப்படிக் கீழே இறங்கினார், பிறகு எந்தப் பிடியில் ஏறினார் என்று வரி வரியாகச் சொல்லியிருந்தார். ரீச்சர் தாளை முழங்காலில் வைத்து, அந்த வரிகளைப் பார்த்து வயலினில் அதே வழியாகப் போய்க் காட்டினார். நிஷாதத்தில் நின்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் இறங்கினார். நான் அந்தக் கச்சேரியைக் கேட்டதில்லை; எழுதியவர் யாரென்றும் தெரியாது, தாளில் அந்தப் பகுதி இல்லை. ஆனாலும் அந்தப் பைரவியை இப்போதும் என்னால் வாசிக்க முடியும்.

எழுதப் போகும்போது என்ன கொண்டுபோவது? குறிப்பு எப்படி எடுப்பது?

பென்சில், சின்னக் கொப்பி, பாய். பேனா வேண்டாம், வியர்வையில் மை கரையும். உருப்படிகளின் பட்டியலை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அறிவிப்பாளரிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்குத் தலை ஆடிய இடத்தை மட்டும் குறியுங்கள்.

சென்ற திருவிழாவில் இளைஞர் ஒருவர் தனி வயலின் வாசித்தபோது நான் எடுத்த குறிப்பு இது: "தோடி. பஞ்சமத்தைத் தொடவில்லை, வேண்டுமென்றா? காந்தாரம் அசைகிறது, ரிஷபத்தில் இடிக்கவில்லை. தேர்முட்டியடியில் வெடி. வில் நிற்கவில்லை. ஸ்வரத்தில் பஞ்சமம்! முதல் தடவை. கச்சான் ஆச்சி திரும்பிப் பார்த்தா."

இதிலிருந்து எழுதியது இது: "ஆலாபனை முழுவதும் பஞ்சமத்தை ஒதுக்கிவைத்தே தோடியைக் கட்டினார். நடுவில் தேர்முட்டியடியில் வெடி வெடித்தது. காந்தாரத்தின் அசைவு அந்தச் சத்தத்திலும் அறுபடவில்லை. கற்பனாஸ்வரத்தின் மூன்றாவது சுற்றில், யாரும் எதிர்பாராத இடத்தில், ஒதுக்கிவைத்த பஞ்சமத்தில் வந்து நின்றார். வாசலில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த அம்மா அளந்த கையோடு திரும்பிப் பார்த்தார்."

மலர் அச்சாகி வந்தபோது வெடியையும் கச்சான் அம்மாவையும் வெட்டியிருந்தார்கள். இடம் போதவில்லையாம். கடைசியில் "ரசிகர்கள் மெய்மறந்தனர்" என்று சேர்த்திருந்தார்கள்.